உடைமையும் உண்மையும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதனை எழுதுவதென யாம் பலநாட் சிந்தித்தோம். வகுப்பறைகளைப் பற்றியும் விளையாட்டு மைதானத்தைப் பற்றியும் எம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆகவே, பிறர் எழுதப் புகாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அஃது ஓர் ஆங்கில வினைச்சொல். அதனை ஓர் உருசிய இளைஞருக்குக் கற்பிக்க முயன்றபொழுது, இக்கல்லூரியிற் கற்ற தமிழிலக்கணம் எமக்கு எங்ஙனம் கைகொடுத்தது என்பதையும், அச்சொல் பின்னாளில் எமது வாழ்விலேயே வந்து நின்று எம்மை எவ்வாறு வினாவியது என்பதையும் இங்கே கூற விரும்புகின்றோம்.

அச்சொல் ‘ஹாவ்’ என்பது. கீழ்வகுப்பு மாணவனும் அறிந்த சொல். ‘எனக்கு ஒரு புத்தகம் உண்டு’ என்பதை ஆங்கிலத்திற் சொல்லுக என்றால், அவன் தயங்காது ‘ஐ ஹாவ் எ புக்’ என்பான். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று வாசகர் கேட்கலாம். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

1973ஆம் ஆண்டு, மருத்துவம் கற்கும் பொருட்டுப் புலமைப்பரிசில் பெற்று யாம் மொஸ்கோ நகரத்துக்குச் சென்றோம். நாம் சேர்ந்தது மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம். அது 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு கொங்கோ நாட்டுத் தலைவர் பற்றிஸ் லுமும்பாவின் பெயரைப் பெற்றது. ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து வந்த மாணவர் அங்கே முதல் ஓராண்டு உருசிய மொழியை மாத்திரம் கற்பர். அதன் பின்னரே தத்தம் துறையிற் புகுவர். விடுதி அறைகளில் வெளிநாட்டு மாணவரோடு சோவியத்து மாணவரும் உடன் வாழ்ந்தனர். எமது அறைத்தோழர் வொல்கா நதிக்கரையூரினர், பௌதிகம் பயின்றவர், எம்மினும் ஓரடி உயரமானவர், கூச்ச சுபாவமுடையவர். அவருக்கு ஆங்கிலம் கட்டாய பாடம். பிரித்தானியர் நெடுங்காலம் ஆண்ட நாட்டிலிருந்து யாம் வந்தமையால், ஆங்கிலத்தில் எமக்குத் தெரியாதது எதுவுமிராது என அவர் நம்பினார். அந்நம்பிக்கையைக் கெடுக்க எமக்கு மனம் வரவில்லை. இவ்வாறு, பனிகாலத்து மாலை வேளைகளில், தேநீருக்கு விலையாக யாம் ஆங்கில ஆசிரியரானோம்.

முதற் பாடத்திலேயே ‘ஹாவ்’ வழிமறித்தது. உருசிய மொழியில் அச்சொல்லுக்கு நேரான வினை அகராதியில் இல்லாமலில்லை. ‘இமேத்’ என்று ஒரு வினை உண்டு. ஆனால் அது பேச்சில் அருகியே வரும். ‘உரிமை உடைமை’, ‘முக்கியத்துவம் உடைமை’ என்பன போன்ற ஏட்டுத் தொடர்களுக்கே அது பொருந்தும். ‘யா இமேயு கினீகு’, அதாவது ‘யான் ஒரு புத்தகத்தை உடையேன்’, என்று எழுதிக் காட்டியபொழுது எமது நண்பர் நகைத்தார். “மனிதர் இவ்வாறு பேசமாட்டார், நீதிமன்றப் பத்திரம்தான் இவ்வாறு பேசும்” என்றார். மனிதர் பேசுவது எவ்வாறு என்று கேட்டோம். ‘உ மின்யா யெஸ்த் கினீகா’ என்றார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘என் அருகே உண்டு புத்தகம்’ என்பதாகும்.

எமக்கு மெய்சிலிர்த்தது. இது தமிழ் அல்லவா! நாமும் ‘நான் ஒரு தம்பியை உடையேன்’ என்று சொல்வதில்லையே. சொன்னால் அது பழைய மொழிபெயர்ப்பு நூலொன்றின் வசனம் போலன்றோ ஒலிக்கும்! ‘எனக்கு ஒரு தம்பி உண்டு’, ‘என்னிடம் ஒரு புத்தகம் உண்டு’ என்பனவே நமது வழக்கு. இரண்டு மொழியிலும் உடையவன் எழுவாய் அல்லன். உடைக்கப்படும் பொருளே எழுவாய். உடையவன் வேற்றுமையுருபேற்று ஒருபுறம் ஒதுங்கி நிற்பான். பொருள் தானே முன்வந்து ‘உளேன்’ என்று நிற்கும்.

அப்பொழுது எமது கல்லூரியில் எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியரை நினைந்தோம். நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் முறைப்பொருளுக்குச் ‘சாத்தனுக்கு மகன்’ என்ற உதாரணத்தைக் காட்டி, எம்மை எழுப்பி விளக்கம் கேட்பது அவர் வழக்கம். உண்டு, இல்லை என்னும் இரண்டும் திணை, பால், இடம் என்னும் வேறுபாடின்றி யாவற்றுக்கும் பொதுவாய் வரும் குறிப்புவினைகள் என்பதையும் அவர் பலகாற் கூறுவார். இவற்றால் யாது பயன் என்று ஒருமுறை யாம் கேட்டதற்கு, “பயன் பயன்படும்போது தெரியும்” என்று விடையளித்தார். மொஸ்கோவில், சன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்க, அப்பயன் எமக்குத் தெரிந்தது.

ஒற்றுமை அத்துடன் முடியவில்லை. உருசிய மொழியில் ‘யெஸ்த்’ என்பதன் எதிர்மறை ‘நியெத்’ என்பது. ஒரு வினாவுக்கு மறுத்து விடைகூறவும் அச்சொல்; ஒரு பொருள் இல்லாமையைக் கூறவும் அச்சொல். நமது ‘இல்லை’யும் அவ்வாறே இரு தொழிலையும் செய்வதை மாணவர் நோக்குக. இன்னும் நுட்பமான ஓர் ஒற்றுமையும் உண்டு. ஒரு பொருள் உண்டோ இல்லையோ என்பதே கேள்வியாகும்போது மாத்திரம் உருசியர் ‘யெஸ்த்’ என்பர். பொருளின் தன்மையைக் கூறும்போது அதனை விட்டுவிடுவர். ‘அவளுக்கு நீலக் கண்கள்’, ‘எனக்குத் தடிமன்’ என்று நாம் சொல்லுமாறு போலவே அவர்களும் வினையின்றியே முடிப்பர். கண்கள் உண்டோ என்பது அங்கே ஐயமன்று; அவற்றின் நிறமே செய்தி. பிற்காலத்தில் மருத்துவமனையிற் பயிற்சி பெற்றபொழுது, நோயாளர் ‘உ மின்யா பலீத் கலவா’ என்று முறையிடுவதை நாடோறும் கேட்டோம். ‘எனக்குத் தலை நோகின்றது’ என்பதே அது. நோவது தலை, அதனை ஏற்பவன் மனிதன். ஆங்கிலேயனோ தலையிடியையும் ‘ஹாவ்’ என்று தன் உடைமைகளோடு சேர்த்துவிடுகின்றான்.

இவற்றையெல்லாம் எமது நண்பருக்கு எடுத்துக்கூறி, ஆங்கிலத்தில் உடையவனை எழுவாயாக்கி முன்னே நிறுத்துக என்று கற்பித்தோம். அவர் அதனை நன்றாகக் கற்றார். வேண்டிய அளவுக்கு மேலும் கற்றுவிட்டார். உருசிய மொழியில் ஒருவன் தன் வயதைக் கூறுவதும், குளிர்கின்றது என்பதும் நம்முடைய ‘எனக்கு இருபது வயது’, ‘எனக்குக் குளிர்கின்றது’ என்பன போலவே நான்காம் வேற்றுமையில் அமைவன. ‘எனக்கு’ என்று வரும் இடமெல்லாம் ‘ஹாவ்’ என்று எண்ணிய நண்பர், தமக்குள்ள இருபது வயதையும் குளிரையும் ‘ஹாவ்’ என்றே எழுதி வந்தார். ஆங்கிலத்தில் வயதும் குளிரும் உடைமைகள் அல்ல, மனிதனின் நிலைகள். அங்கே ‘ஐ ஆம்’ என்றே சொல்ல வேண்டும் என்று திருத்தினோம். “காய்ச்சலை உடைமையாக்கும் ஆங்கிலேயன் குளிரை ஏன் உடைமையாக்கவில்லை?” என்று அவர் கேட்டார். யாம் தேநீரை அருந்தினோம்.

அதன் பின்னர் ‘ஹாவ்’ தன் பல வேடங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டியது. ஆங்கிலேயன் காலையுணவையும் ‘ஹாவ்’ என்பான்; குளிப்பதையும் ‘ஹாவ்’ என்பான்; ஒருமுறை பார்ப்பதையும் ‘ஹாவ்’ என்பான். உருசிய மொழியில் காலையுணவு கொள்ளுதல், மதியவுணவு கொள்ளுதல், இராவுணவு கொள்ளுதல் ஆகிய மூன்றுக்கும் மூன்று தனி வினைகள் உள்ளன. அவ்வளவு செல்வம் படைத்த மொழியினருக்கு, எல்லாவற்றையும் ஒரே சொல்லாற் செய்துவிடும் ஆங்கிலம் வறிய மொழியாகத் தோன்றுவது இயல்பே.

கட்டாயத்தைக் கூறும்பொழுது வேறோர் இடர் நேர்ந்தது. ‘மஸ்ற்’ என்பதும் ‘ஹாவ் ரு’ என்பதும் உடன்பாட்டிற் பெரும்பாலும் அருகருகே நிற்பன. முன்னது பேசுபவனின் உள்ளத்திலிருந்து எழும் கட்டாயம். பின்னது புறத்தேயிருந்து சுமத்தப்படும் கட்டாயம். ‘போக வேண்டும்’ என்பதற்கும் ‘போக வேண்டியிருக்கின்றது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருவாறு ஒப்பிடலாம். ஆனால் எதிர்மறையில் இவ்விரண்டும் முற்றிலும் பிரிந்துவிடும். ‘மஸ்ற் நொட்’ என்றால் செய்யக்கூடாது; ‘டோன்ற் ஹாவ் ரு’ என்றால் செய்யவேண்டுவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாத எமது நண்பர், விடுதிக்கு விருந்தினராய் வந்த ஆங்கில மாணவர் ஒருவர் பீற்றூட்டுச் சூப்பை அருந்த இயலாது இடர்ப்படுவதைக் கண்டு, ‘முழுவதையும் அருந்த வேண்டுவதில்லை’ என்று உபசாரமாய்ச் சொல்லக் கருதி, ‘அருந்தக்கூடாது’ என்ற பொருள்பட ஆங்கிலத்திற் சொல்லிவிட்டார். விருந்தினர் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு முகம் வெளுத்தார். அன்று முழுவதும் எமது நண்பர் எம்மோடு பேசவில்லை. ஆசிரியரின் குறையே மாணாக்கனின் குறை என்று கருதினார் போலும்.

மயிர் வெட்டுவித்த சங்கதியும் அத்தகையதே. நாவிதர் வெட்டினாலும் உருசியர் தாமே வெட்டிக்கொண்டதாகவே சொல்வது வழக்கம். நாமும் பேச்சில் ‘தலைமயிர் வெட்டினேன்’ என்றே சொல்கின்றோம். ஏட்டிலே ‘வெட்டுவித்தேன்’ என்று பிறவினையாக்குகின்றோம். ஆங்கிலேயன் அவ்விடத்தும் ‘ஹாவ்’ என்பதையே அழைத்து வந்து, ‘என் மயிர் வெட்டப்பட்டதாக உடையேன்’ என்னும் பாங்கில் ஒரு வாக்கியம் அமைக்கின்றான். ஒரு சொல் எத்தனை வேலையைத்தான் செய்யும் என்று நண்பர் வியந்தார்.

இவை எல்லாவற்றினும் கடினமானது, ‘ஹாவ்’ பிறிதொரு வினைக்குத் துணையாய் வந்து காலங்காட்டும் இடம். உருசிய வினையில் இறந்தகாலம் ஒன்றே. செயல் முற்றியதோ முற்றாததோ என்பதை வினையடியின் வேறுபாட்டால் உணர்த்துவரேயன்றி, ஆங்கிலத்திலுள்ளது போன்ற ஒரு காலவடிவம் அவர்களிடம் இல்லை. எனவே ‘மூன்று ஆண்டுகளாக மொஸ்கோவில் வாழ்கின்றேன்’ என்பதை அவர்கள் நிகழ்காலத்திலேயே கூறுவர். ஆங்கிலம் எழுதும்போதும் அவ்வாறே எழுதிவிடுவர். ‘திறப்பைத் தொலைத்தேன்’ என்பதற்கும் ‘திறப்பைத் தொலைத்திருக்கின்றேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாம் விளக்க முயன்றோம். முன்னது நடந்து முடிந்த கதை. திறப்புப் பின்னர் கிடைத்தும் இருக்கலாம். பின்னது இப்பொழுதும் தொடரும் நிலை. திறப்பு இன்னும் கிடைக்கவில்லை. கதவு இன்னும் பூட்டியே இருக்கின்றது. தமிழர்க்கு இதனை உணர்தல் எளிது. நமது ‘இரு’ என்னும் துணைவினை இத்தொழிலைச் செய்கின்றது. நாம் இருத்தலைக் கொண்டு உணர்த்துவதை ஆங்கிலேயன் உடைமையைக் கொண்டு உணர்த்துகின்றான். அவன் தொலைத்ததைக்கூட ‘ஹாவ்’ என்ற சொல்லாலேயே சொல்லுகின்றான்.

பிற்காலத்தில் இத்துறையில் அறிஞர் எழுதியவற்றையும் யாம் ஓரளவு படித்தோம். பென்வெனிஸ்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில், ‘ஹாவ்’ போன்ற வினை பல மொழிகளில் இல்லையென்றும், ‘எனக்கு உண்டு’ என்னும் வழியே உலக மொழிகளிற் பெருவழக்கு என்றும் காட்டினார். புனித பீற்றர்ஸ்பேர்க்கிற் பிறந்த இசாச்சென்கோ என்பார் 1974ஆம் ஆண்டில், மொழிகளை உடைமை வினை ஆளும் மொழிகள் என்றும் இருத்தல் வினை ஆளும் மொழிகள் என்றும் பகுத்து, உருசிய மொழியைப் பின்னைய வகையிற் சேர்த்தார். உருசியத்தின் உறவினராகிய போலிய மொழியும் செக்கு மொழியும் உடைமை வினையை ஆளுவன; அயலாராகிய பின்னிய மொழியினரோ ‘என்னிடத்தில் உண்டு’ என்றே சொல்வர். ஐரிசு மொழி, அரபு மொழி, இந்தி மொழி ஆகியவற்றின் வழக்கும் இருத்தலின் பாற்பட்டதே. ‘ஹாவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலத்தை ஆராய்ந்தால், ‘பற்றுதல்’ என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து அது வந்தமை புலனாகும். உருசியரின் ‘இமேத்’ என்பதும் ‘எடுத்தல்’ என்னும் பொருளடியிற் பிறந்ததே. கையாற் பற்றியது உடைமை. அருகே உள்ளது உண்மை. ‘உள்’ என்னும் அடியிற் பிறந்த ‘உண்மை’ என்னுஞ் சொல் நமது இலக்கண நூல்களில் இருத்தலையே குறிக்கும் என்பதை மாணவர்க்கு நினைவூட்டுகின்றோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

எமது விடுதியின் வாயிலில் ஒரு மூதாட்டியார் காவலிருந்தார். உள்ளே வருவோரின் அனுமதிச்சீட்டைப் பார்ப்பதும், திறப்புகளைப் பேணுவதும், தொப்பியணியாது பனியில் வெளியே செல்லும் மாணவரைக் கண்டிப்பதும் அவர் கடமைகள். கடைசியிற் கூறியது அவர் தாமே ஏற்றுக்கொண்டது. வெப்பநாட்டினராகிய எம்மீது அவருக்குத் தனிப் பரிவு உண்டு. அவரை உருசிய முறைப்படி அழைத்தாலும், மனத்துக்குள்ளே யாம் ‘ஆச்சி’ என்றே எண்ணினோம். எமக்கு உடன்பிறந்தார் உளரோ என்று அவர் ஒருநாள் கேட்டார். ஒரு தம்பி உண்டு, எமது கல்லூரியிலேயே கற்கின்றான் என்றோம். “எனக்கும் ஒரு தம்பி உண்டு” என்றார் அவர். ‘யெஸ்த்’ என்ற சொல்லை அழுத்தியே சொன்னார்.

1975ஆம் ஆண்டின் இறுதியில் எமது நண்பருக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். அறிந்தவர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்திற் பத்து வாக்கியம் எழுதுக என்பதே அது. அவர் அம்மூதாட்டியாரைப் பற்றி எழுதினார். நான்காம் வாக்கியத்தில், ‘அவருக்கு ஒரு தம்பி உண்டு’ என்று நிகழ்காலத்தில் ‘ஹாஸ்’ என எழுதி, அதனை வெட்டி, இறந்தகாலத்தில் ‘ஹாட்’ என எழுதி, அதனையும் வெட்டி, மீண்டும் ‘ஹாஸ்’ என்றே எழுதியிருந்தார். காரணம் கேட்டோம். அத்தம்பி 1941ஆம் ஆண்டிற் போர்முனைக்குச் சென்றவர். அவர் இறந்தார் என்ற செய்தி வரவில்லை. இருக்கின்றார் என்ற செய்தியும் வரவில்லை. அவ்வாறானவர்க்கு உருசிய மொழியில் ஒரு தொடர் உண்டு. தமிழிற் பெயர்த்தால் ‘செய்தியின்றி மறைந்தவர்’ என்பதாகும். ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் சோவியத்து மக்களைப் பலிகொண்ட அப்போரில், இத்தொடர் எழுதிய கடிதத்தைப் பெற்ற குடும்பங்கள் எண்ணிறந்தன.

யாம் ஆசிரியரன்றோ! சிறிதும் தயங்காது, “முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றுவிட்டன, ‘ஹாட்’ என்பதே சரி” என்றோம். நண்பர் பென்சிலை எம்மிடம் நீட்டினார். “நீரே திருத்தும். திருத்திய பின் கீழே இறங்கிச் சென்று அவருக்கும் சொல்லிவிடும்” என்றார். யாம் பென்சிலை வாங்கவில்லை. அவ்வாக்கியம் திருத்தப்படாமலே நின்றது. ஆயினும் எமது உள்ளத்தில், அது பிழையான வாக்கியம் என்ற எண்ணமும் திருத்தப்படாமலே நின்றது.

காலம் சென்றது. யாம் மருத்துவராகித் தாயகம் திரும்பினோம். எமது தம்பியும் இக்கல்லூரியிற் கற்றுத் தேறி உத்தியோகத்தில் அமர்ந்தார். 1990ஆம் ஆண்டு, ஒரு மாலை, சைக்கிளிற் கடைத்தெருவுக்குச் சென்றவர் திரும்பவில்லை. தேடாத இடமில்லை, கேட்காத மனிதரில்லை. அவரைப் பற்றி உறுதியான செய்தி எதுவும் இன்றுவரை எமக்குக் கிட்டவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

எமது அன்னையார் 2003ஆம் ஆண்டில் மறையும்வரை, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்போருக்கெல்லாம், “எனக்கு ரெண்டு பொடியள்” என்றே விடை சொன்னார். அவ்வாக்கியத்தை நோக்குக. அதில் வினைச்சொல்லே இல்லை. ஆகவே காலமும் இல்லை. ‘உண்டு’ என்று முடித்தாலும் அது காலத்தை வெளிப்படக் காட்டாத குறிப்புவினையே. இருந்தனரா, இருக்கின்றனரா என்று அவ்வாக்கியத்தை எவரும் மடக்கிக் கேட்க இயலாது. படிப்பறிவு மிகுதியாக இல்லாத எமது அன்னையார், தமக்கு வேண்டிய இலக்கணத்தைத் தாமே கண்டுகொண்டார்.

எமக்கோ அப்புகலிடம் கிடைக்கவில்லை. 1996ஆம் ஆண்டு, பிறநாடொன்றிற் பணிபுரியும் பொருட்டு ஓர் ஆங்கிலப் படிவத்தை நிரப்ப நேர்ந்தது. உடன்பிறந்தார் பற்றிய வினாவும் அதில் இருந்தது. ஒரு வாக்கியமாக எழுதுக என்று இடம் விட்டிருந்தனர். ‘ஐ’ என்று எழுதினோம். அடுத்த சொல்லை எழுதப் பேனா செல்லவில்லை. ‘ஹாவ்’ என்றால் அவர் எங்கே என்று கேட்பர். ‘ஹாட்’ என்றால் எமது கையாலேயே அவரை முடித்து வைத்தவராவோம். ஆங்கில வினை காலம் கேட்கின்றது. கொடாமல் அது நகராது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியறையில், அம்மூதாட்டியாரின் தம்பிக்காக யாம் எவ்வளவு எளிதாக அதனைக் கொடுத்தோம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். உருசிய மொழியும் காலம் கேட்கும் மொழியே; ‘பில்’ என்று இறந்தகாலத்திற் சொல்ல அம்மூதாட்டியாருக்கு வழி இருந்தது. இருந்தும் அவர் ‘யெஸ்த்’ என்றார். அவர் இலக்கணம் அறியாது பேசவில்லை, அறிந்தே பேசினார்.

அப்படிவத்தில் யாம் ‘ஹாவ்’ என்றே எழுதினோம். எழுதும்பொழுது எமக்குத் துணையாயிருந்தது ஒரு கடிதம். தம்பி காணாமற்போன செய்தியை யாம் முன்னரே எமது பழைய அறைத்தோழருக்கு எழுதியிருந்தோம். அவருடைய நாடே பெயர் மாறிவிட்ட 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரது விடை வந்தது. கடிதம் முழுவதும் உருசிய மொழியில் இருந்தது. விடுதி வாயில் மூதாட்டியார் தாம் இறக்கும்வரை தம் வழக்கை மாற்றவில்லை என்று அதில் எழுதியிருந்தார். கையொப்பத்துக்கு மேலே ஒரேயொரு வாக்கியம் மாத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது: ‘உமக்கு ஒரு தம்பி உண்டு’ என்பதே அதன் பொருள். ‘ஹாவ்’ என்ற சொல்லை நிகழ்காலத்தில் வைத்திருந்தார். எமது மாணாக்கர் எழுதிய ஆங்கில வாக்கியங்களுள் யாம் திருத்த விரும்பாத வாக்கியம் அது ஒன்றே.

பிறமொழி கற்கும் இளைய மாணவர்க்குச் சொல்லத்தக்கது இதில் ஒன்று உண்டு. அகராதியிற் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்து மொழியைக் கற்றுவிட இயலாது. ‘ஹாவ்’ என்பதற்கு நேரான சொல் உருசியத்தில் எது, தமிழில் எது என்று தேடுவதினும், அச்சொல் வாக்கியத்தில் யாரை முன்னிறுத்துகின்றது, யாரை ஒதுக்குகின்றது, எதனைச் சொல்லுமாறு நம்மைக் கட்டாயப்படுத்துகின்றது என்று தேடுவதே பயன்தரும். அவ்வாறு தேடுவதற்குத் தம் தாய்மொழியிலக்கணத்தை நன்கு கற்றிருத்தல் வேண்டும். அதனை எமக்குக் கற்பித்த ஆசிரியருக்கு, அவர் வாழ்ந்த காலத்தில் நன்றி கூற எமக்கு வாய்ப்பில்லாது போயிற்று. இப்பக்கங்களில் அதனைச் செலுத்துகின்றோம்.

யூபிலி மலரின் பழைய மாணவர் பதிவுக்கென எமக்கு ஒரு படிவம் அனுப்பப்பட்டிருந்தது. எமது குடும்பத்தில் இக்கல்லூரியிற் கற்ற பிறரின் விபரமும் அதிற் கேட்கப்பட்டிருந்தது. தம்பியின் பெயரையும், அவர் சேர்ந்த ஆண்டையும், விலகிய ஆண்டையும் எழுதினோம். தற்போதைய முகவரி என்ற இடத்தை வெறுமையாக விட்டுள்ளோம். பதிவாளர் அதனை அவ்வாறே அச்சிடுவாராக.